பி பக்கம் கிடையாது

ரோலண்ட் ரசிகர் குழுவின் அட்மின் அவர்களுக்கு, அதாவது என் வயிற்றெரிச்சலுக்கென்றே பிறந்த மகன் ஜெபாவுக்கு,

உன் அப்பன் எழுதுவது. அந்த ரோலண்ட் கச்சேரி கேசட் கிடைக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கடைசிவரை ஆசையாகப் படித்து ஏமாந்தேன் என்று சொல்லக் கூடாது பார். நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஏ பக்கத்தை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று ஓடினாய். இப்போது பி பக்கமும் வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காட்பாடி ஹாலில் ரோலண்டையே உட்காரவைத்து முழுசாகப் போட்டுக் காட்ட வேண்டும், அவர் தலையாட்டினால் அதையே ஊர் உலகத்துக்கு வெளியிட வேண்டும் என்கிறாய். கேசட் இங்கே ஆம்பூரில் அலமாரியில், உங்கம்மாவின் சர்ச் புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. அங்கேயே இருக்கும்.

எட்டாவதில் பாதியோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தாதே. எதைப் பார்த்தாலும் திருத்துவதுதான் உன் வியாதி. இந்தக் கடிதமே அந்த வியாதியைப் பற்றித்தான். குழுவில் இருக்கும் மற்ற பெரிய மனிதர்களும் தாராளமாகப் படிக்கலாம். வீட்டு விஷயத்தை இப்படி எல்லார் முன்னாலும் போடலாமா என்று கேட்காதே. முதலில் போட்டது நீ. நான் போடுவது சலீம் பாய் போனிலிருந்து. என்னை நீக்கிய மாதிரி அவரை நீக்க உனக்குக் கை வராது. ரம்ஜான் பிரியாணி நின்றுபோகும்.

என்னை ஏன் நீக்கினாய் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. நானே சொல்கிறேன். ரோலண்ட் கடைசியாகப் போட்ட ‘வெள்ளைத் தாடி’ ஆல்பத்தை நீங்கள் எல்லோரும் வாரக்கணக்கில் தலையில் தூக்கிவைத்து ஆடினீர்கள். ஒருத்தர் அதை ஞானம் என்றார், ஒருத்தர் ஜெபம் என்றார். நான் ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: “கேட்டேம்ப்பா. பல்லு டாக்டர் வீட்ல வெளிய ஒக்கார வெச்சு ஒரு மியூசிக் போடுவாங்களே, அதேதான். நான் பழக்கத்துல வாயத் தெறந்துட்டேன்.” உடனே சோளிங்கர் செல்வம் பாய்ந்து வந்தான். “அங்கிள், நீங்க பழைய கேசட்டு ‘கரி எஞ்சின்’லயே நின்னுட்டீங்க. வண்டி போய்ட்டு ரொம்ப நாளாச்சு.” நான் சும்மா இருப்பேனா? “வண்டி ஷெட்டுக்குப் போய்ட்டிருக்குது தம்பி. நீங்கதான் டிக்கெட் எடுத்துட்டு உள்ள ஒக்காந்திருக்கீங்க.” இதற்கு நாலு பேர் சிரித்தார்கள். சிரித்ததுதான் உனக்குப் பொறுக்கவில்லை. என் பேர் காணாமல் போனது. போன் போட்டுக் கேட்டேன்.

“நீயாடா என்னத் தூக்குன?”

“அப்பா, இது கலாட்டா பண்ற குரூப் இல்லப்பா. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதுல்ல.”

“ஒன்னப் பெத்தப்ப அந்த ரூல்ஸ் எங்கடா போச்சு?”

போனை வைத்துவிட்டாய். இருக்கட்டும். ரோலண்ட் உனக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் கிட்டாரும் கையுமாகத் திரிந்த ஒல்லிப் பையனாக அவரை நான் பார்த்திருக்கிறேன். ‘கரி எஞ்சின்’ கேசட் வந்த வருஷம் இந்த ஊரில் டீக்கடைக்கு டீக்கடை அதுதான். சுருதி, கிருதி எல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டால் முடி நட்டுக்கொள்ளும், கால் தரையில் நிற்காது, அவ்வளவுதான். ‘சங்கு ஊதியாச்சு’ என்று ஒரு பாட்டு. கம்பெனி சங்கு ஊதின பிறகு ஷூ தைக்கிற பெண்களும் தோல் பதனிடுகிற மண்டி ஆட்களும் கேட்டை உடைத்துக்கொண்டு வெளியே ஓடுகிற மாதிரியே அந்தக் கிட்டார் ஓடும். அந்த மனிதரைத்தான் நீ போன வருஷம் என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினாய். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்டாண்டில் எழுதிவைத்ததைப் பார்த்துப் படித்தார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நான் பாத்ரூம் போய் வந்தேன். பக்கத்தில் இருந்தவர் அழுதுகொண்டிருந்தார். “இன்னா சார், அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று அக்கறையாகத்தான் கேட்டேன். நீ என் தொடையைக் கிள்ளினாய். இன்னும் தழும்பு இருக்கிறது.

இதெல்லாம் நமக்குள் எப்போதும் நடக்கிற சண்டை. இதற்காகக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நான். இப்போது எழுதுவது வேறு கோபம். விளையாட்டுக் கோபம் இல்லை.

போன வாரம் சலீம் பாய் என் வீட்டுக்கு வந்து, “ஒம் பையன் இன்னாவோ பண்ணிருக்கான், கேளு” என்று போனைக் காதில் வைத்தார். நம் கேசட்டின் ஏ பக்கம். நீ சுத்தம் செய்து குழுவில் போட்டது. கண்ணாடி மாதிரி இருந்தது. ‘சங்கு ஊதியாச்சு’ வேகமாக ஆரம்பிக்கிறது. நடுவில் கிட்டார் நிற்கிறது. அப்புறம் ஒன்றுமே இல்லை. கிணற்றுக்குள் எட்டிப்பார்த்த மாதிரி ஒரு மௌனம். பிறகு அதே பாட்டு, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, திரும்ப ஆரம்பிக்கிறது. அந்த மௌனத்துக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, ஐயோ! ரோலண்டின் மெதுவான பாட்டு பிறந்த இடம் இதுதானாம். பின்னால் வந்த ஆல்பம் எல்லாவற்றுக்கும் இதுதான் வேராம். “யாரோ மெதுவா பாடச் சொன்னாங்க, அதிலிருந்துதான் மாறினேன்” என்று ரோலண்ட் எப்போதோ ஒரு பேட்டியில் சொன்னாராம். அது அவருடைய உள்மனக் குரல் என்று காட்பாடி புரபசர் ஒரு பக்கத்துக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார். நீ அதற்கு இரண்டு கையும் கும்பிடுகிற பொம்மை போட்டிருக்கிறாய்.

புரபசர் சார், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த உள்மனக் குரல் அப்போது ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற அப்பர் செக்‌ஷனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது என் வீட்டில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு ஆயுத பூஜை. மத்தியானத்தோடு மெஷினை எல்லாம் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி கடலை கொடுத்தார்கள். கிறிஸ்தவனும் பாயும் எல்லோரும் பொரி வாங்கித் தின்றோம். சாயங்காலம் கம்பெனி மைதானத்தில் ரோலண்ட் கச்சேரி. சலீம் பாயின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரை நான் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு பெண்கள் பக்கமாகப் போய் நின்றேன். ஸ்பீக்கர் அங்கேதான் இருந்தது. சிரிக்காதே, உண்மையாகவே அங்கேதான் இருந்தது. ரோலண்ட் ‘சங்கு ஊதியாச்சு’ எடுத்தார். ஆம்பிளைகள் எல்லாம் பேய் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தோம். பாட்டு பாதியில் ஒரு நொடி தாளம் இறங்கியது பார், அந்தச் சந்தில் என் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

“யோவ் கிட்டாரு! மெஷினுக்கே இன்னிக்கு லீவு உட்டாச்சு, நீ இன்னாய்யா ஓட்டிட்டே இருக்கிற? மெதுவா பாடுய்யா, ஒரு வார்த்த புரியல!”

மைதானமே சிரித்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை தையல் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள். ரோலண்ட் வாசிப்பதை நிறுத்தினார். தலையைச் சொறிந்தார். அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கிட்டாரை மடியில் சாய்த்து அதே பாட்டை மெதுவாக ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டில் வார்த்தை இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரிந்தது. அதோடு என் ரோலண்ட் செத்தார். உங்கள் ரோலண்ட் பிறந்தார். கத்தினது உங்கம்மா. “ரோலண்ட கெடுத்ததே ஒங்கம்மாதான்டா” என்று நீ சோறு சாப்பிடும்போதெல்லாம் நான் சொல்லவில்லையா? நீ நம்பவில்லை. நான் சொல்வதில் முக்கால்வாசி கேலி, அதனால் மிச்சத்தையும் யாரும் நம்புவதில்லை. அது சரி. ஆனால் காது உனக்கு இருக்கிறதே?

சலீம் பாய் முன்னாலேயே உனக்குப் போன் போட்டுக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

“நடுவுல ஒரு சத்தம் இருந்துச்சே, எங்கடா?”

“அதுவா? ஏதோ ஒரு லேடி கத்துறாங்கப்பா, எல்லாரும் சிரிக்கிறாங்க. நாய்ஸ். சாஃப்ட்வேர்ல செலக்ட் பண்ணி எடுத்துட்டேன். இப்ப கேளுங்க, எவ்ளோ கிளீனா இருக்குது!”

ஏதோ ஒரு லேடி. தெருமுனையில் நீ கோலி ஆடும்போது வாசலில் நின்று “டேய் ஜெபா!” என்று கூப்பிட்டால் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட தொண்டை. அந்தத் தொண்டையில்தான் நீ எழுந்தாய், குளித்தாய், அடி வாங்கினாய், பரீட்சைக்குப் போனாய். கழுத்தில் கட்டி என்று வேலூரில் ஆபரேஷன் செய்த பிறகு அது போய்விட்டது. நீதான் கூட இருந்தாய். இப்போது அவள் பேசினால் சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி இருக்கும். என்னைக் கூப்பிட டம்ளரில் கரண்டியால் தட்டுகிறாள். அந்தப் பழைய தொண்டை இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரே ஒரு கேசட்டில்தான். அதைத்தான் நீ குப்பை என்று பெருக்கிக் கொட்டினாய். மெஷினுக்குத் தெரியவில்லை, சரி, மெஷினை அவள் பெறவில்லை. உனக்குத் தெரியவில்லையே! வயசுப் பெண்ணாக இருந்தபோது கத்தினது, அதனால் அடையாளம் தெரியவில்லை என்று சமாதானம் சொல்லாதே. உனக்கு நல்ல காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாய். ஏதோ ஒரு லேடியாம்.

நீ செய்த வேலை எனக்குத் தெரியாத வேலை இல்லை. தோல் மண்டியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் பஃபிங் மெஷினில் நின்றவன் நான். ஆட்டுத் தோலில் முள் கீறின தழும்பு, உண்ணி கடித்த தழும்பு, வேலியில் மாட்டின தழும்பு எல்லாம் இருக்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மொழுமொழுவென்று ஆக்குவோம். அந்த ஆடு எங்கே மேய்ந்தது, எங்கே மாட்டிக்கொண்டது, எதுவும் தெரியாது. அப்புறம் மேலே சாயம் அடித்து, சூடான தகட்டில் அழுத்தி, பொய்யாக ஒரு தோல் ரேகையை அச்சடித்து அனுப்புவோம். வாங்குகிறவன் தடவிப் பார்த்து ஆகா என்பான், இப்போது புரபசர் சொல்கிற மாதிரி. ஒரே வித்தியாசம். நான் அதைச் செத்த ஆட்டுக்குச் செய்தேன். நீ உயிரோடு இருக்கிற அம்மாவுக்குச் செய்திருக்கிறாய்.

உங்கம்மாவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரும், உன்னை நாலு வார்த்தை திட்டுவாள் என்று நினைத்தேன். கத்தரிக்காயிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தாள். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்டது. “நான் கத்துனது தப்பு, தப்புன்னு இத்தன வருஷமா நீதானய்யா சொல்ற? புள்ள எடுத்துட்டான். ஒனக்கு நல்லதுதான?”

நல்லதில்லை. அந்தக் குரல் மேல் எனக்கு ஆயுசு முழுக்கக் கோபம். அந்தக் கோபத்தை வைத்துத்தான் இந்த வீட்டில் பாதிப் பேச்சு ஓடியது. குரலை எடுத்துவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்? சுவரோடா?

அப்புறம் நான் செய்த காரியத்தைக் கேள். சலீம் பாயைக் கூட்டிக்கொண்டு, கேசட்டும் அவருடைய பழைய டேப்பும் பையில் வைத்து, நேராக ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறினேன். உன் கடவுள் பனியனோடு வாசலில் உட்கார்ந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். யார் என்றார். “ஒங்க பழைய ரசிகன். புதுசா எதிரி” என்றேன்.

“‘வெள்ளைத் தாடி’ கேட்டீங்களா?”

“கேட்டேன். ஷேவ் பண்ணிடுங்க.”

சிரிக்கவில்லை. “வெளிய போய்யா” என்று குவளையை ஓங்கினார். கொஞ்சம் தண்ணீர் என் சட்டையில் பட்டது. ‘கரி எஞ்சின்’ காலத்து வேகம் கையில் இன்னும் இருக்கிறது, பாட்டில்தான் இல்லை. “இன்னாடா பேஜாராப் போச்சு, வந்த வேலையப் பாரு” என்று என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, சலீம் பாய் படியிலேயே டேப்பை வைத்து அழுத்தினார். ‘சங்கு ஊதியாச்சு’ ஓடியது. தாளம் இறங்கியது. உங்கம்மா கத்தினாள். உள்ளே போகத் திரும்பின மனிதர் அப்படியே நின்றுவிட்டார். குவளையைக் கீழே வைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார். “திரும்பப் போடு” என்றார். திரும்பவும் போட்டோம்.

“ஒரு பையன் சுத்தம் பண்ணி அனுப்பிச்சானே…”

“எம் பையன்தான்.”

“கேட்டேன். அந்த எடத்துல ஒரு பொண்ணு கத்துமே, காணமேன்னு எத்தினி வாட்டி போட்டுப் பாத்தேன் தெரியுமா? இல்ல. எம் பொண்ணு சொல்லிச்சு, டாடி அது நீங்களா நெனச்சிட்டிருக்கிறதுன்னு. பேட்டியில எல்லாம் சொல்லித் திரிஞ்சேனே, நானா கட்டின கதையா அதுன்னு ஆயிப்போச்சுய்யா எனக்கு. வயசாயிடுச்சு, மூள குழம்புதுன்னு நெனச்சிட்டேன்.”

கேட்டாயா ஜெபா? உன் சுத்தம் அந்த மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது, பார். நான் அவரை எத்தனையோ திட்டியிருக்கிறேன், ஆனால் அவருக்கு நடந்ததை நடக்கவில்லை என்று நான் சொன்னதில்லை.

“அந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமா?” என்றார்.

“எங்க வீட்லதான் இருக்குது. நான்தான் கட்டிக்கினேன்.”

“இன்னும் இப்டித்தான் கத்துமா?”

நான் குனிந்து டேப்பை நிறுத்தினேன். சலீம் பாய்தான் தன் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். மனிதர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு சிலுவை போட ஆரம்பித்துவிட்டார். “அய்யய்யோ, உயிரோடதான் இருக்குது சார்! ஆபரேசன். சத்தம்தான் போச்சு” என்று நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடிக்கு வருகிறேன் என்றார். ஆனால் அந்தச் சத்தம் இல்லாமல் போட்டால் வெளியிட ஒத்துக்கொள்ள மாட்டாராம். “எனக்கு அந்த அம்மா முன்வரிசையில ஒக்காந்திருக்கணும்” என்றார். நாங்கள் கிளம்பும்போது, ‘வெள்ளைத் தாடி’யை இன்னொரு தடவை பொறுமையாகக் கேட்கச் சொன்னார். கேட்டேன். பல் டாக்டர்தான். அதில் மாற்றம் இல்லை.

ஆக, உனக்கு இப்போது நான் வேண்டும். நான் சொல்கிறபடி நடந்தால் வருகிறேன். கேசட் என் கையில் வரும், என் கையில் திரும்பும். சலீம் பாயின் டேப்பில்தான் ஓடும். முதலில் எல்லோரும் அழுக்கோடு கேட்பீர்கள். அதற்கப்புறம் அப்படியே ஏற்றிக்கொள், ஒரு இருமலைக்கூட எடுக்காமல். எடுத்தாய் என்று தெரிந்தால், மகன் என்றும் பார்க்க மாட்டேன், குழுவில் புதுப் பேரில் சேர்ந்து தினமும் கழுத்தை அறுப்பேன். எனக்கு வேறு வேலை இல்லை, உனக்குத் தெரியும்.

பி பக்கத்தை மட்டும் ஏன் தரமாட்டேன் என்று நின்றேன் என்று கேட்பாய். அதில் பாட்டு கம்மி. கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, என் ரோலண்டைக் கெடுத்தவளைச் சும்மா விடக் கூடாது என்று டேப்பைத் தோளில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே அவளுக்கு நேர் முன்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கிட்டாருக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்தது.

“யோவ் டேப்பு! குனிய்யா, தல மறைக்குது!”

உங்கம்மா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. அதில்தான் ஆரம்பித்தது எல்லாம், நீ உட்பட. உன் சாஃப்ட்வேரில் அது என்ன பேரில் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தரவில்லை.

முன் வரிசையில் ரோலண்டுக்குப் பக்கத்தில் உங்கம்மாவுக்கு நாற்காலி போட்டு வை. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், இடுப்பு வலிக்கும். பி பக்கம் ஓடும்போது நீ மெஷினைப் பார்க்காதே, அவள் முகத்தைப் பார். எனக்குக் கடைசி வரிசை போதும். என் தலை யாருக்கும் மறைக்காத இடம்.

உன் அப்பன்
(சலீம் பாய் போனிலிருந்து)